ஜன்னல் வைத்த சிப்

பழைய வீடியோ கேம் சேர்ப்பவர்கள் அவரை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள். கேம் பதிந்த டப்பியை, அந்தக் கேட்ரிட்ஜை, வாங்கித் திருப்பிப் பார்ப்பார். இது கம்பெனிக்குள் சோதனைக்காகச் செய்த ப்ரோட்டோ, இது கடையில் விற்ற காப்பி என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கூலி வாங்க மாட்டார். மரியாதை மட்டும் குறையக் கூடாது.

அவருடைய தம்பி ரிப்பேர் கடை வைத்திருந்தான். சாலிடரிங்கில் சுத்தமான கை. ஆனால் எது பொக்கிஷம், எது குப்பை என்பதில் அண்ணன் சொல்தான் அவனுக்கு வேதம். போன மாதம் நீதிபதியின் சின்ன வயசு கேட்ரிட்ஜ், இருவரும் மாற்றி மாற்றி ஆடிய அந்தக் கோட்டை விளையாட்டு, உயிரை விட்டபோது அண்ணனைவிடத் தம்பிதான் அதிகம் வருத்தப்பட்டான். மாற்றிப் போடச் சிப் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் கடையில், மூட்டையாக வாங்கிய பழைய சாமான்களிலிருந்து அதே விளையாட்டின் கேட்ரிட்ஜ் ஒன்றை அண்ணனிடம் நீட்டினான். படம் போட்ட லேபிள் இல்லை. வெள்ளைத் தாளில் பேனாவால் ஒரு தேதி மட்டும். நீதிபதி திருகாணியைக் கழற்றினார். உள்ளே நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப். ஜன்னல்மேல் வெளிச்சம் படாமல் ஒரு ஸ்டிக்கர். எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிற வகை. கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு அதைத்தான் போடுவார்கள். போலி அடிக்கிறவர்களும் அதையேதான் போடுவார்கள். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி வாசலில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தான். நீதிபதி ஓட்டினார். கடைசிக் கட்டத்துக்குத் தாவும் குறுக்கு வழி அவருக்கு அத்துப்படி. கடைக் காப்பியில் ராஜா செத்ததும் ஆட்டம் முடிந்துவிடும். இதில் ராஜா செத்த பிறகு சுவரில் ஒரு கதவு திறந்தது. வெளியிடும் முன் வெட்டி எறிந்த நிலவறை. அப்படி ஒன்று இருந்தது என்று அவர் வருஷக்கணக்காக எழுதி, எல்லோரும் கேலி செய்த நிலவறை. நீதிபதி திரைக்கு அருகே குனிந்தார். அடுத்த நொடியே, கண்டெடுத்தவன் என்று ஊர் தம்பியைத்தானே சொல்லும் என்று தோன்றியது. வயிறு எரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டதும் ஸ்விட்சை அணைத்தார்.

"போலிடா," என்றார் உதட்டைப் பிதுக்கி. "எவனோ கடை கேமை ஜன்னல் சிப்புல ஏத்தி வெச்சிருக்கான்."

தம்பி சிரித்துக்கொண்டே அதைக் கழிசல் பெட்டியில் போட்டான். உடனே கேட்டால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கொஞ்சம் பொறுத்து, போகிற போக்கில் எடுப்பதுபோல் எடுத்துக்கொள்ளலாம். இப்படி வந்து சேர்ந்தவை ஏற்கெனவே இரண்டு நீதிபதியின் கண்ணாடி அலமாரியில் இருந்தன. தம்பி வீட்டுக்கு வந்தால் அந்த அறைச் சாவி மட்டும் காணாமல் போய்விடும்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி கடைக்குப் போனபோது மேஜைமேல் தகரப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. மூடி இடுக்கில் ஊதா வெளிச்சம். ஜன்னல் சிப்பை அழிக்கிற பெட்டி அது. ஸ்டிக்கரைப் பிய்த்து அந்த விளக்கின்கீழ் வைத்தால், உள்ளே எழுதியிருந்ததெல்லாம் போய்விடும். பிய்த்த ஸ்டிக்கர் மேஜை ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"அன்னைக்குப் போலின்னு சொன்னியே, அதைத்தான்ணா போட்டிருக்கேன்," என்றான் தம்பி. "இப்பதான் வெச்சேன்."

இப்போதுதான் வைத்தான். இன்னும் பிழைக்கும். நீதிபதி குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு, "அந்தச் சிப் எனக்கு வேணுமேடா, அப்படியே குடுத்துடேன்," என்றார்.

"உனக்குத்தான் பண்றேன். பேசாம உக்காரு."

இனி உண்மை ஒன்றுதான் அந்த விளக்கை அணைக்கும். சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்பான். பிறகு, முன்னே போலி என்று சொன்ன அந்த இரண்டும் எங்கே என்பான். நீதிபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். அவர் குடித்தார். நிலவறை அழிந்துகொண்டிருந்தது, தம்பி தன் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். வாய் மட்டும் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி.

பெட்டி டிக்கென்று நின்றது. தம்பி சிப்பை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றினான். புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பழைய கேட்ரிட்ஜ் உறையிலேயே பூட்டி, கூச்சத்தோடு நீட்டினான்.

"செத்துப்போன உன் கேமை இதுல ஏத்திட்டேன். கடையில வித்த அதே கேம், ஒரு புள்ளி மாறாம. ஓட்டிப் பாரு."

ஓட்டினார். ராஜா செத்தான். சுவர் சுவராகவே நின்றது. 'முற்றும்' என்று திரையில் வந்தது. எவனோ கடை கேமை ஜன்னல் சிப்பில் ஏற்றி வைத்த போலி. நீதிபதி அன்று சொன்ன பொய் இன்று உண்மையாகிவிட்டது. இனி யார் கொண்டுவந்து கேட்டாலும் அவர் இதையேதான் சொல்ல வேண்டும்.

"உன் கண்ணாடி அலமாரியில வெச்சுக்கண்ணா," என்றான் தம்பி. "யாராவது கேட்டா, தம்பி குடுத்ததுன்னு சொல்லு. இது ஒண்ணாவது என் பேர்ல இருக்கட்டும்."

சொல்கிறேன் என்று நீதிபதி தலையாட்டினார்.