பெட்டி மூடியில் ஒரு கிட்டார்

என் வீட்டுக்காரர் இனிகோவுக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. தெரிந்த வேலையும் கிடையாது என்பது வேறு விஷயம்.

உலகச் சண்டை முடிந்து அமெரிக்கப் பட்டாளம் கொழும்பைக் காலி செய்த சமயம், தோணிக்காரர் ஒருவரிடம் கரண்டு கிட்டார் சாமான் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். சத்தம் பிடிக்கும் காந்தம், முறுக்காணி, கம்பி எல்லாம் இருந்தன. மரம் மட்டும் இல்லை. எப்படிச் செய்வது என்று சொல்லும் காகிதம் கடல் தண்ணீர் பட்டுக் கூழாகியிருந்தது.

"காயிதம் எதுக்குளா? நமக்குக் கை இருக்கு" என்றார்.

கொழும்பு ஓட்டலில் பேண்டு நடத்தும் கொரேரா மாஸ்டர் மாதா திருவிழாவுக்குக் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறார், கரண்டு கிட்டார் வாசிக்க ஆள் தேடுகிறார் என்று கேள்வி. வேலை கிடைத்தால் கொழும்பு. இல்லாவிட்டால் மாமனார் வலை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் இவர் சாகும்வரை முடிச்சுப் போடுவார், நான் சாகும்வரை மாமியாருக்கு மீன் அரிவேன். அதனால்தான் என் அம்மா தந்த தேக்குப் பெட்டியின் மூடியை இவர் அறுத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

உடம்புக்கு என் மூடி. கழுத்துக்கு அப்போதுதான் வெட்டிய பூவரசங்கிளை. பச்சை மரம் வளையும் என்று சொன்னேன்.

"வள்ளத்துக்கே தாங்குது, கம்பிக்குத் தாங்காதா?"

கம்பியை முறுக்கியதும் கழுத்து வளைந்தது. கம்பிகள் விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றன.

இன்னொரு கூத்து, கழுத்தின் குறுக்கே பதிக்கும் பித்தளை மெட்டுகள். மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போக அவை நெருங்க வேண்டும். ஒரு வீணையைப் பார்த்தவனுக்கும் தெரியும். இவர் வலைக்கண் அளக்கும் பலகையை எடுத்து எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் பதித்தார். அதில் சாளை மீன் அகப்படும், சுரம் அகப்படாது.

மாஸ்டர் வந்தார். மாமனாரின் ரேடியோவில் ஒயரைச் செருகி இவர் வாசித்தார். மாஸ்டர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏலே இனிகோ, உங்க அய்யா கிட்டங்கிதான் உனக்குச் சரி."

"அமெரிக்கக் காந்தத்துலதான் பழுது மாஸ்டர்" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

இருவரும் முன்னறைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். கொழும்பு போனால் போகட்டும், மூடியாவது மிஞ்சட்டும் என்று கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டுக் கழுத்தைப் பெயர்க்கக் கத்தியை விட்டேன். கத்தியின் முதுகு கம்பியில் படிந்து வழுக்கியது. ரேடியோவை யாரும் அணைத்திருக்கவில்லை. ஆள் அழுவதுபோல் ஒரு குரல் நீளமாக எழுந்தது.

அந்த உயரத்தில் கம்பி மெட்டைத் தொடவே இல்லை. பிறகு மெட்டு எங்கே இருந்தால் என்ன? கோயில் பாட்டுக்குழுவில் பாடிய காது எனக்கு இருந்தது. கத்தியை நகர்த்திச் சுரத்தைத் தேடினேன். மாதா பாட்டின் முதல் அடி தப்பில்லாமல் வந்தது. இரண்டாம் அடியில் மாஸ்டர் கிளாசும் கையுமாக வாசலில் நின்றார்.

"ஹவாய் தீவுக்காரன் இப்படித்தான் மடியில வச்சு வாசிக்கான். கொழும்புக்கு வாரியாம்மா?"

இவர் முந்திக்கொண்டார். "அதுக்காகத்தான் மாஸ்டர் கழுத்த அப்படி வளச்சேன்!"

மாஸ்டரின் சம்சாரத்தோடு அடுத்த தோணியில் எனக்கு இடம் கிடைத்தது. மூடியில்லாத பெட்டியில் துணிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். துறைமுகம்வரை அதை இவர்தான் சுமந்து வந்தார்.

"ஏளா கிரேசி, அப்ப நான்?"

"மாமாவுக்கு வலை முடிச்சுப் போட ஆளு வேணும்லா" என்றேன். "அத்தைக்கு மீனையும் நீங்களே அரிஞ்சு குடுத்துருங்க."