பதினொரு குச்சி

வினோஜ் நேந்திரம்பழத்தைக் கத்தியால் நறுக்கித் தின்கிறான் என்பதை முதலில் கவனித்தது அவன் அம்மா செல்லத்தாய். பதினாறு வயசுப் பயல். போன வருஷம் வரை உரித்து மூன்று கடியில் முடித்துவிட்டுத் தொலியை முற்றத்தில் எறிகிறவன். புருஷன் குமாரதாஸிடம் சொன்னாள். பிளஸ் ஒன் போய்விட்டான் இல்லையா, துரைமார் பழக்கம் வந்திருக்கும் என்று அவர் சிரித்துவிட்டார்.

அடுத்து மீன்குழம்பு எரிகிறது என்றான். காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கி மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுத் தின்று வளர்ந்த வாய் அது. செல்லத்தாய் மிளகாய் வற்றலைக் குறைத்தாள். பிறகு வற்றலே இல்லாமல் அவனுக்கென்று தனியாக வைத்தாள். அப்படியும் பையன் எலும்பாகிக்கொண்டே வந்தான்.

குமாரதாஸ் மகனைக் கவனிக்காதவர் இல்லை. கவனித்த இடம்தான் வேறு. குலசேகரத்துக்கு மேலே ஒரு முதலாளியின் தோட்டத்தில் முந்நூற்றைம்பது ரப்பர் மரம் பால் வெட்டுகிறவர் அவர். பதினைந்து வருஷம் குடித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ரத்தமாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து, அதோடு விட்டார். விட்ட வாய் சும்மா இருக்கவில்லை. வெற்றிலையும் புகையிலையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளாமல் அவருக்குக் கத்தி ஓடாது. குடிதான் மனுஷனைக் கொல்லும், இது வாய்க்கு ஒரு வேலை, அவ்வளவுதான் என்று மகன் காதுபடப் பலதடவை சொல்லியிருக்கிறார்.

ஆகவே மகனிடம் அவர் தேடியது பிராந்தி வாடையை. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகத்துக்கு நேரே ஊதச் சொல்வார். அவன் ஊதுவான். புதினா வாடை வரும். மிட்டாய் தின்கிறான், தின்னட்டும் என்று நிம்மதியாக இருந்துவிடுவார்.

ஒருநாள் கொட்டாவி விட வாய் திறக்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டு பையன் அழுதான். அதன் பிறகுதான் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் ஆதிரா சின்ன வயசுக்காரி. மூன்று விரலைச் சேர்த்து நட்டமாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். வினோஜுக்கு ஒரு விரல் போனது. இரண்டாவது பல்லில் இடித்து நின்றது. டாக்டர் விளக்கை அடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தைக் குமாரதாஸுக்குக் காட்டினார். சிவந்து கிடக்க வேண்டிய சதை, ரோலரில் இருந்து இறங்கின ரப்பர் ஷீட் மாதிரி வெளுத்து விறைத்திருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். வினோஜ் சுவரைப் பார்த்தபடி ஆறு விரலைக் காட்டினான். பாக்குப் பொட்டலம் ஒன்று, புகையிலைப் பொட்டலம் ஒன்று, இரண்டையும் கலந்து ஒரு வாய். எட்டாம் வகுப்பில் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே எலுமிச்சம் போஞ்சிச் சர்பத்து விற்கிற கடையில், கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பலகைக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பிலேயே ஒதுக்கிக்கொள்ளலாம். புகை கிடையாது, மேலே ஒரு புதினா மிட்டாய் போட்டால் வாடையும் கிடையாது.

சதையில் கடுகளவு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். இப்போதைக்குப் புற்று இல்லை. ஆனால் சதை நார் பிடித்துச் சுருங்குகிறது, சுருங்கினது பழையபடி ஆகாது, இன்றைக்கே நிறுத்தினால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நிறுத்தாவிட்டால் என்ன என்பதையும் சொன்னார்.

குமாரதாஸுக்கு அது ஏறவில்லை. "நானும் ஆறு வருஷமாப் போடுதேன் டாக்டரே. எனக்கு ஒண்ணும் ஆகல்லியே."

"ஆகல்லன்னு யாரு சொன்னா? இப்பிடி இருந்து வாயத் தொறங்க, பாப்போம்."

அவர் திறக்கவில்லை. இப்பம் இவனைப் பாருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

மாத்திரையும் ஊசியும் போக, ஒரு கட்டு ஐஸ் குச்சியும் கொடுத்தார்கள். குச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் வைத்து ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூட்ட வேண்டும். நல்ல வாய்க்கு இருபது போகும். வினோஜுக்கு முதல் நாள் போனது பதினொன்று.

தினமும் காலையில் பாலை அளந்து கொடுத்துவிட்டுக் குமாரதாஸ் வீட்டுக்கு ஓடிவருவார். மகன் பள்ளிக்கூடம் போகுமுன் எதிரில் உட்கார்ந்து குச்சியை எண்ணுவார். மூன்றாவது வாரம் பதிமூன்று போனது. அன்றைக்குத் தோட்டத்தில் பார்த்தவனிடமெல்லாம் பதிமூன்று பதிமூன்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். செல்லத்தாய் குழம்பில் ஒரே ஒரு வற்றல் கிள்ளிப் போட்டாள்.

பிறகு பன்னிரண்டானது. பதினொன்றானது. ஒரு திங்கட்கிழமை பத்தாவது குச்சியே இடித்துக்கொண்டு போனது. குமாரதாஸ் பையைக் கவிழ்த்துத் தேடினார், சட்டைப்பையைத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. முதுகில் நாலு வைத்தார். பையன் அழவில்லை.

"போடல்லேன்னு எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு மக்கா."

வினோஜ் நிமிர்ந்து அப்பாவின் இடது கன்னத்தைப் பார்த்தான். "நீங்கோ என்னத்த வாயில வச்சிட்டுக் கேக்குதியோ?"

அடுக்களையில் இருந்து செல்லத்தாய் சொன்னாள். "பதிலச் சொல்லுங்கோ. வாயி நெறைய வச்சிருந்தா பதிலு எங்க வரும்?"

குமாரதாஸ் முற்றத்தில் இறங்கித் துப்பினார். மடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கக்கூஸ் குழிக்குள் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து விடுவோம், குடியையே விட்டவன் நான், இது எந்த மூலைக்கு என்றார். பையனுக்குச் சிரிப்பு வந்தது. பாதித் திறந்த வாயோடு சிரித்தான்.

முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் தோட்டத்தில் குமாரதாஸுக்குக் கத்தி பிடிபடவில்லை. பட்டையோடு நிற்க வேண்டிய கத்தி தடிக்குள் இறங்கி நாலைந்து மரத்தில் காயம் பட்டுவிட்டது. மேஸ்திரி கண்டபடி பேசினான். வினோஜ் வகுப்பில் பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டு வந்து நின்றான். ஆனாலும் அந்த இரண்டு நாளும் அப்பனும் மகனும் அதுவரை இல்லாதபடிக்கு ஒன்றாக இருந்தார்கள். பால் விடாத கட்டன் காப்பியாகக் குடித்துத் தள்ளினார்கள்.

"குடிய விட்டப்பம் இதவிடக் கஷ்டமா இருந்துதாப்பா?"

குமாரதாஸ் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்பம் எனக்கு இது இருந்துதுல்லா மக்கா."

நாலாம் நாள் மத்தியானம் கூட வேலை செய்கிற மத்தியாஸிடம் ஒரு வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் வாங்கிக்கொண்டு, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புரைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அங்கே அந்த நேரத்துக்கு ஆள் வராது. மென்றார். காரம் கன்னத்தில் இறங்கியதும் தோள் இரண்டும் தளர்ந்தன. தலைக்குள் நாலு நாளாக இரைந்துகொண்டிருந்தது நின்றது.

கண் புகைக்குப் பழகின பிறகுதான் தெரிந்தது. வரிசையாகத் தொங்கிய ஷீட்டுக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தில் இருந்து நழுவி வந்து, சீருடையோடு வினோஜ் நின்றுகொண்டிருந்தான். வலது கன்னம் புடைத்திருந்தது.

இரண்டு பேரும் அசையவில்லை. பேச வேண்டுமென்றால் துப்ப வேண்டும். நான் துப்பினால் இவன் துப்பிவிடுவான் என்று குமாரதாஸுக்குத் தெரியும். இப்போது, இந்த நிமிஷம், அது மட்டும் போதும் என்றும் தெரியும். புகையில் கண் எரிந்து நீர் வழிந்தது. அவர் மகன் துப்பட்டும் என்று நின்றார். மகனும் அப்படித்தான் நின்றான். வாயில் எச்சில் ஊறி நிறைந்துகொண்டே வந்தது.

குமாரதாஸ் விழுங்கினார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த வினோஜும் விழுங்கினான்.

மறுநாள் காலையில் அவர் பாலை அளந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. குச்சியைச் செல்லத்தாய்தான் எண்ணினாள். ஒன்பது. ஒன்பதாவதைத் தள்ளும்போது ஈறில் ரத்தம் வந்தது. அவள் குச்சியைக் கழுவி வைத்தாள். அடுக்களைக்குப் போய், அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோற்றில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிக் குழைய விட்டாள்.