வயிற்றுச் செதில்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. பொய் சொன்னவள் நான்: கஜானி, வந்தாறுமூலை வளாகத்தில் விலங்கியல் ஆய்வுகூடப் பயிற்றுநர். உயிரினங்களை வகைப்படுத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: வாவியின்மேல் அன்று காலை மூடுபனி – [வெட்டிவிட்டேன். பனி இல்லை. வெயில் சுட்டது.]

2

எட்டரைக்கு முப்லிஹா அழைத்தாள். உயர்தர வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தவள்; இப்போது ஏறாவூரில். அவள் கணவர் நளீர் வாவியில் மீன் பிடிப்பவர்.

"கஜானி, இவருக்குப் பாம்பு கடிச்சிட்டு. வலைக்குள்ள கிடந்திருக்கு. படம் அனுப்பியிருக்கன், என்ன பாம்பெண்டு பாரு."

படத்தில் பாம்பின் தலை நசுங்கியிருந்தது. வால் இல்லை, அடித்ததில் துண்டாகித் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். கடற்பாம்பின் வால் துடுப்புப்போலத் தட்டையாக இருக்கும். தண்ணீர்ப்பாம்பின் வால் உருண்டையாக. கடல்நீர் கலக்கும் இந்த வாவியில் இரண்டும் உண்டு. [கடற்பாம்பு நாகத்தின் குடும்பம், கடும் விஷம். மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.]

கதையில் வரும் கஜானி இங்கே, "வயித்துப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு" என்கிறாள். மூன்று வரைவுகளிலும் அப்படித்தான் எழுதினேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது.

நடந்தது வேறு. ஒன்பது மணிக்கு எனக்கு வகுப்பு. "தண்ணிப்பாம்புதான் புள்ள. விஷமில்ல, பயப்படாத" என்று போனை வைத்துவிட்டேன்.

3

அன்றைய பாடம், ஆம், இல்லை என்று ஒவ்வொரு கேள்வியாகக் கடந்து ஓர் உயிரினத்தின் பெயரை அடைவது. "ஒரு கேள்வியையும் தாண்டக் கூடாது" என்று சொல்லும்போதே காலையில் நான் தாண்டிய கேள்வி நினைவுக்கு வந்தது. படத்தை மறுபடி திறந்தேன். உடல் முறுகிய இடத்தில் விரலளவு வயிறு தெரிந்தது. தண்ணீர்ப்பாம்பென்றால் அங்கே குறுக்காக அகன்ற செதில்கள் இருக்க வேண்டும். இவை முதுகுச் செதில்களைப் போலவே சின்னவை.

பத்து மணி.

"முப்லிஹா, அவர் எங்க?"

"படுத்திருக்கார். உடம்பெல்லாம் நோகுதாம். வாய் திறக்க ஏலாம இருக்கு எண்டார். ஏன்?"

"உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அது கடற்பாம்பு."

"தண்ணிப்பாம்பெண்டுதானே சொன்ன?"

[ஒரு நேர்மையான கதைசொல்லி இந்த இடத்தில் –]

"படம் கலங்கலா இருந்திச்சு புள்ள. இப்பதான் விளங்கிச்சு."

4

நளீர் பிழைத்தார். சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் தளர்ந்து, பன்னிரண்டு நாள் கட்டிலில் கிடந்தார். பார்க்கப் போனபோது முப்லிஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒழுங்காப் படம் எடுத்திருந்தா இவர் இவ்வளவு பட்டிருக்க மாட்டார். மாமியும் அதச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் ஏசுறா. நீ இல்லாட்டி மௌத்தாகியிருப்பார்."

நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் அழுகிறேன், அவள் மன்னிக்கிறாள். [மன்னிப்பு வசனம் நான் எழுதியது. அவள் வாயில் அது ஒட்டவில்லை.]

5

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. இதை வாசிக்கும் முதல் ஆள் அவள்தான். அந்தப் படத்தோடு சேர்த்து இப்போதே அனுப்புகிறேன். பிறகு என்ன நடந்ததென்று தெரியவேண்டுமானால் அவளைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

முப்லிஹா, படம் தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. மாமிக்கும் காட்டு.