வெள்ளிக்கிழமை மாட்டிய ஆம்ப்ளிஃபயர்

ஆம்பூரில் அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் டேனரிகளுக்கு லீவு. மற்ற ஆறு நாளும், ஞாயிறு உட்பட, தோல் பதனிடும் டிரம்கள் உருண்டுகொண்டே இருக்கும். அறையளவு மரப் பீப்பாய்கள் அவை. உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் புரளும். வெள்ளிக்கிழமை மட்டும் ஊரே வாயை மூடிக்கொள்ளும். பெண் பார்ப்பது, துணி எடுப்பது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் அன்றைக்குத்தான். கிருபானந்தம் சர்ச்சில் ஆம்ப்ளிஃபயர் மாட்டியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அங்கேதான் வந்தது வினை.

அது எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். கிருபானந்தம் டேனரியில் எலக்ட்ரீஷியன். பதினெட்டு வருஷ சர்வீஸ். டேனரியின் டிரம் ஷெட், சர்ச்சின் தெற்குச் சுவரோடு ஒட்டித்தான் நின்றது. மனைவி ஜெயபுஷ்பம் பள்ளிக்கூட டீச்சர். நாலைந்து வருஷமாக அவளுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள் என்பதால் வெளியில் அவ்வளவாகத் தெரியாது.

மகள் ஜெபராணி வேலூரில் நர்ஸ். பக்கத்தில் யாரோ நோயாளி தூங்குகிறார் என்ற நினைப்பிலேயே பேசுகிற பெண். அவளுக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடித்து வந்த அன்று, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே ஜெயபுஷ்பம் சொன்னாள்:

"எல்லாம் சரிங்க. அவ சம்மதிக்கிறேன்னு சொல்றது மட்டும் எனக்குக் கேக்காது. பீடத்தப் பாத்து நின்னுனு சொல்லுவா. நான் முதுகப் பாத்துனு உக்காந்திருப்பேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கிருபானந்தம் சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அழாததுதான் அவரை என்னவோ செய்தது.

மறுநாளே சர்ச் கமிட்டியில் மைக் செட் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நம் தாத்தாக்கள் எல்லாம் மைக்கிலா பிரசங்கம் கேட்டார்கள் என்று செயலாளர் சுந்தர்ராஜ் கேட்டார். அவருக்கு எட்டுக் கட்டைக் குரல், அந்தக் கவலை அவருக்கு எதற்கு? கடைசியில் மெட்ராசிலிருந்து ஒரு மிக்ஸர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. சுவரில் மாட்டுகிற மாதிரி. மூன்று மைக் செருகலாம். ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனித் திருகு, பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் கிருபானந்தம் உளியும் சுத்தியுமாக ஏணி ஏறினார். தெற்குச் சுவரில், பிரசங்க மேடைக்குப் பக்கம், சின்னப் பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் நாலு ஓட்டை போட்டு மரக்கட்டை அடித்து, அதில் ஸ்குரு முடுக்கி மாட்டினார். மைக் வயரை அதே சுவரோடு நூல் பிடித்த மாதிரி ஓட்டிக் கிளிப் அடித்தார். தூண்களில் ஸ்பீக்கர் கட்டினார். முதலில் கூவத்தான் செய்தது. மைக்கை ஸ்பீக்கருக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, திருகைப் பாதிக்குக் குறைத்ததும் அடங்கிவிட்டது. ஜெபராணியைப் பீடத்தைப் பார்த்து நிற்கவைத்து மெதுவாகப் பேசச் சொன்னார். இரண்டாம் வரிசை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெயபுஷ்பம், மகள் சொன்னதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொன்னாள். கடைசியில் மகள், "அம்மா, பசிக்குது" என்றாள். அதற்கும் இவள், "அம்மா, பசிக்குது" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் சிரித்தாள். கிருபானந்தத்துக்கு ஏணியிலிருந்து இறங்கவே மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சுவிட்சைப் போட்டதும் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. ஜெபமும் இரைச்சல், பாட்டும் இரைச்சல். திருகைக் குறைத்தால் போதகர் குரலும் சேர்ந்து போயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று சுந்தர்ராஜ் எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். அதற்கு மைக்கே தேவைப்படவில்லை. ஜெயபுஷ்பம் மடியில் கிடந்த வேதாகமத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கிருபானந்தம் தனியாக வந்து குடைந்தார். லைன் கோளாறோ என்று லாரி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். அப்போதும் இரைந்தது. மைக் வயரைப் பிடுங்கினால் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. சுவரில் கையை வைத்தார். சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம், இதே உயரத்தில், மூன்று டிரம் மோட்டாருக்கும் போகிற பெரிய கேபிள் ஓடுகிறது. அதில் கரண்ட் பாய்ந்தால் இந்தப் பக்கத்து வயர் சும்மா இருக்குமா? அந்தக் கேபிளை அங்கே போட்டதே அவர்தான். வெள்ளிக்கிழமை டிரம் ஓடவில்லை, அதனால் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்திலேயே ஜெபம் பண்ணிப் பழகியதால், ஓடவில்லை என்பதும் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்க வேறு நாளா கிடைக்கவில்லை?

எல்லாவற்றையும் கழற்றி வடக்குச் சுவருக்கு மாற்ற வேண்டும். அதற்கு நீளமான மைக் வயர் வேலூரில்தான் கிடைக்கும். ஞாயிறு கடை கிடையாது. திங்கட்கிழமை கடை திறக்கிற நேரத்தில் கல்யாணமே ஆரம்பித்துவிடும்.

வேறு வழியில்லாமல் டிரம் மேஸ்திரி அப்துல் வஹீதிடம் போனார். வஹீது ஜெபராணியை ஆறு வயதிலிருந்து பார்த்தவர். தோலுக்கு மருந்து ஏறுகிற நேரத்தில் டிரம்மை நிறுத்தினால் திட்டுத்திட்டாய் நிறம் பிடித்து, உள்ளே போட்ட தோல் மொத்தமும், அந்த லாட்டே, கெட்டுவிடும். அது கிருபானந்தத்துக்கும் தெரியும், அதனால் கேட்க வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார், ஜெயபுஷ்பம் சொன்னதையும் சேர்த்து. வஹீது தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "பாக்கலாம், போ" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மகளைக் கைபிடித்துப் பீடத்தருகே விட்டுவிட்டு, கிருபானந்தம் ஆம்ப்ளிஃபயருக்குக் கீழே போய் நின்றுகொண்டார். பெண்ணைப் பெற்றவர் மாதிரியா இருந்தார்? சம்பளத்துக்கு வந்த மைக் செட்காரர் மாதிரி இருந்தார். பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. இரைச்சல் மட்டும் முடிகிற வழியாக இல்லை. போதகர் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியதைக் கேட்கப் புத்தகத்தைப் புரட்டினார்.

இரைச்சல் நின்றது.

ஒரேயடியாக நிற்கவில்லை. ஒரு படி இறங்கி, இன்னொரு படி இறங்கி, மூன்றாவதில் அடங்கியது. மூன்று டிரம். கிருபானந்தம் திருகைப் பாதிக்கு ஏற்றினார். மாப்பிள்ளை சொன்னான். பிறகு ஜெபராணியிடம் கேட்டார்கள்.

"சம்மதிக்கிறேன்" என்றாள் அவள், வார்டில் பேசுகிற அதே குரலில். அது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. இரண்டாம் வரிசையில் ஜெயபுஷ்பம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. மகள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வஹீது சட்டையில் தோல் மருந்தின் நீலக் கறையோடு பிரியாணிக்கு வந்தார். விடியுமுன்னே வந்து லாட்டை ஏற்றினாராம். பத்து மணிக்கு மேல் தோல் தண்ணீரில் சும்மா ஊறுகிற நேரம் வரும்படி கணக்குப் பண்ணியிருந்தார். ஜெயபுஷ்பம் அவருக்கு இலை போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவ சொன்னது கேட்டுச்சு பாய். அதுக்கு முன்ன உங்க டிரம் நின்னதும் கேட்டுச்சு. இத்தினி வருசமா கால்ல அதிர்ந்துனே இருந்தது, நின்ன அப்பறந்தான் தெரிஞ்சுது."

"எனக்கும் கேட்டுச்சும்மா. செவுத்துக்கு அந்தாண்ட சுச்சு பக்கத்துலதான் நின்னுனு இருந்தேன்" என்றார் வஹீது.

அடுத்த வெள்ளிக்கிழமையே கிருபானந்தம் வயர் வாங்கிவந்து எல்லாவற்றையும் வடக்குச் சுவருக்கு மாற்றிவிட்டார். அதன்பிறகு டிரம் ஓடினாலும் ஆம்ப்ளிஃபயர் வாய் திறக்கவில்லை. ஆனாலும் சர்ச்சில் கல்யாணம் என்றால் பத்து மணி வாக்கில் மூன்று டிரம்மும் நிற்கும். எட்டு வருஷம் நின்றது. இனி தேவையில்லை என்று சொல்லிவிடலாம் என்று கிருபானந்தம் ஒவ்வொரு தடவையும் நினைப்பார். அந்த அமைதியில் மகள் குரல் மறுபடி கேட்கிற மாதிரி இருக்கும், சொல்லாமல் விட்டுவிடுவார்.

எண்பத்தாறில் வஹீது வேலையிலிருந்து நின்ற அன்று, டேனரி கேட்டில் வைத்துக் கிருபானந்தம் குற்ற உணர்ச்சியோடு அவரிடம் உண்மையைச் சொன்னார். வஹீது சிரித்தார்.

"வயர தோள்ல மாட்டினு நீ போன வெள்ளிக்கிழமையே தெரியும்ப்பா. பொண்ணு ஒருத்தி வாயத் தொறந்து சம்மதம் சொல்றப்ப, நம்ம சத்தம் இன்னாத்துக்கு?"

அடுத்த கல்யாணத்தில் பத்து மணிக்கு டிரம் நிற்கவில்லை. புது மேஸ்திரிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் சுத்தமாகத்தான் பேசியது. கிருபானந்தம் பழக்க தோஷத்தில் தெற்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.