கில்பர்ட் கிளம்பிய பிறகு ஒரு குளோஸ்-அப்

படப்பிடிப்பு நிற்க இன்னும் ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் இருந்தது. ஐந்து ஐம்பது ஆனால் தொழிலாளர்கள் விளக்கை அணைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள். சங்கத்தின் விதி அது. நாளைக் காலை இந்த வரவேற்பறையைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் வேறொரு படத்துக்குக் கப்பல் தளம் போடப் போகிறார்கள். அதனால் தெல்மா ராக்ஸ்பியின் குளோஸ்-அப் இன்றே முடிந்தாக வேண்டும்.

படத்தில் தெல்மாவின் மகனாக வரும் கதாநாயகன் கில்பர்ட் நாலரைக்கே கிளம்பிவிட்டான். பகலில் சினிமா, ராத்திரி லண்டனில் நாடகம். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. தெல்மாவும் அந்த வயதில் அப்படி ஓடியவள்தான், காரின் பின்சீட்டில் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு.

அவன் வசனத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று யாராவது படிக்க வேண்டும். அது ஏவிஸின் வேலை. முந்தைய ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எத்தனை பொத்தான் போட்டிருந்தது என்று எழுதிவைக்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது.

தெல்மாவுக்கு இரண்டு வருடமாகக் காது மங்கிக்கொண்டே வந்தது. இப்போது அநேகமாக ஒன்றுமில்லை. அது அவளுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரியும். எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்தாள். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உதட்டில் ஒரு சொட்டு பிராந்தி தடவிக்கொண்டாள். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், குடித்திருக்கிறாள் என்று நினைக்கட்டும். குடிக்கிற நடிகைக்கு வேலை கிடைக்கும். காது கேட்காதவளை வைத்து எடுக்கிற படத்துக்கு இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போடமாட்டான்.

பேசாப் படத்தில் தொடங்கியவள். பேசும் படம் வந்தபோது உடன் நடித்த பாதிப் பேர் குரலால் காணாமல் போனார்கள். தெல்மா குரலால்தான் மேலே வந்தாள். இது முப்பத்தோராவது படம். இது ஒழுங்காக முடிந்தால் திங்கட்கிழமை இன்னும் இரண்டு படத்துக்கு ஒப்பந்தம். இரண்டும் அம்மா வேடம்.

ஏவிஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் பெரிய விளக்கு ஒன்று எரிந்தது. ஏவிஸ் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிந்தாள். வாய் தெரியவில்லை.

"அந்த விளக்கைக் கொஞ்சம் நகத்துங்க, வில்ஃப். கண்ணு கூசுது."

கேமராமேன் வில்ஃப் அவளோடு பதினேழு படம் செய்தவர். பக்கத்தில் வந்து நின்றார். அவர் உதடு நன்றாகத் தெரிந்தது.

"நகத்தலாம் தாயி. கழுத்துச் சுருக்கமெல்லாம் திரையில இருபது அடிக்கு வரும். பரவால்லயா?"

"என் கழுத்துதானே. உங்களுக்கென்ன?"

"உங்க கழுத்துதான். டைட்டில்ல என் பேருல்ல வருது."

விளக்குக்காரர்களின் தோள் குலுங்கியது. தெல்மாவும் சிரித்தாள். விளக்கு அங்கேயே நின்றது.

காட்சி சின்னதுதான். கடல் கடந்து போகப் போவதாக மகன் நாலு வாக்கியம் சொல்கிறான். மூன்றாவதில் அம்மா சிரிக்க வேண்டும். நாலாவதில் அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும். கில்பர்ட் சொல்லும்போது மனசுக்குள் பதினொன்று வரை எண்ணினால் மூன்றாவது வாக்கியம் முடியும். ஏவிஸின் வேகம் வேறு.

முதல் டேக்கில் சீக்கிரம் சிரித்துவிட்டாள். இரண்டாவதில் காத்திருந்தாள், ஏவிஸ் எப்போதோ முடித்துவிட்டிருந்தாள். கையால் ஜாடை காட்டச் சொல்லலாம். முப்பத்தொரு படம் செய்தவளுக்கு ஜாடை எதற்கு என்று கேட்பார்கள். மூன்று, நாலு, ஐந்து. முகம் வலித்தது. சிரிப்பதற்கு இவ்வளவு தசை வேண்டுமென்று அவளுக்கு இதுவரை தெரியாது.

டைரக்டர் பர்கிஸ் வந்து குனிந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். மூக்கு லேசாக விரிந்தது.

"ஒரு கறுப்புக் காப்பி சொல்லட்டுமா, தெல்மா? நல்லா ஸ்ட்ராங்கா?"

"வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானும் அதையேதான் நெனைச்சிட்டிருக்கேன்."

ஆறாவது டேக்கும் போயிற்று. மணி ஐந்து முப்பத்தொன்று.

பர்கிஸ் ஏவிஸிடம் போய்ப் பக்கவாட்டில் நின்றார். விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்தது. அங்கிருந்து பேசினால் தெல்மாவுக்குக் கேட்காது என்று தணிந்த குரலில் பேசியிருப்பார். உதடுகள் அச்சடித்த மாதிரி தெரிந்தன.

"அவங்களை நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ ஏன் முணுமுணுக்கற? வாயைத் தொறந்து படிக்கத் தெரியாதா?"

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, சார்."

"உங்களுக்குக் கேட்டு என்ன பண்றது? நடிக்கிறவங்களுக்குப் புரிய வேணாமா?" மறுபடி ஏவிஸ் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்லேர்ந்து வேற பொண்ணை வரச் சொல்றேன். நீ கோட்டை மாட்டிட்டுக் கிளம்பு. நாளைக்கு வர வேண்டாம்."

ஏவிஸ் தாள்களைச் சேர்த்து அடுக்கினாள். ஒரு தாள் கீழே விழுந்தது. அதை எடுக்க வெளிச்சத்துக்குள் வந்தபோது தெல்மாவை ஒரு தரம் பார்த்தாள். ஏழு வாரமாக அவளுடைய ஒவ்வொரு அசைவையும் எழுதிவைக்கிறவள். எழுதாமல் விட்டதும் இருக்கும்.

"சரி, சார்," என்றது ஏவிஸின் உதடு.

பத்தொன்பது நிமிடம் பாக்கி. வேறு பெண் வருவாள். அதே விளக்கின் கீழ் நிற்பாள். தெல்மா இன்னொரு தடவை பதினொன்று எண்ணுவாள், பன்னிரண்டு எண்ணுவாள், ஒரு தடவை சரியாக விழுந்துவிடும். திங்கட்கிழமை கையெழுத்து. பிறகு இன்னொரு செட், இன்னொரு மகன், உதட்டில் பிராந்தி. கால் செருப்புக்குள் வீங்கியிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பர்கிஸ்."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிச் சுவரோரம் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த தச்சர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணை விடுங்க. அவ ஆறு தடவையும் சரியாத்தான் படிச்சா. எனக்குக் காது கேக்காது."