ஓரத்துப் பசை

மின்சாரம் பாய்ச்சினால் தானே ஒளிவிடும் பாலிமர் செய்வது என் வேலை. செல்போன் திரைக்கு ஆகும். சிவப்பும் பச்சையும் சொன்ன பேச்சைக் கேட்கும். நீலம் இருக்கிறதே, சனியன், காற்றுப் பட்டால் கெட்டுப் பச்சையாகிவிடும். கெடாமலிருக்க மூலக்கூறின் பக்கவாட்டில் பருத்த கிளைகளைச் சேர்த்தேன். என் நீலம் காற்றைத் தாங்கும் என்று எழுதிய கட்டுரை திங்கட்கிழமை இதழுக்குப் போகவேண்டும். என் டாக்டர் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் பீற்றிக்கொள்ளலாமே என்று ஒரு சின்னத் துண்டைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பாலிமர், அதன்மேல் மின்சாரம் பாய மெல்லிய உலோகப் பூச்சு, சுற்றிலும் பசை. தம்பி சுபைர் வைத்திருக்கும் செல்போன் ரிப்பேர் கடையில் அதை எரியவிட்டேன். அருமையான நீலம். கரியாலூரிலிருந்து போன் சரிபண்ண வந்தவர்கூட எட்டிப் பார்த்தார். துண்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டுத் திரும்பினால், துண்டின் ஓரம் மழமழவென்று இருந்தது.

"இன்னாடா பண்ண?"

"ஓரத்துல கம்மு வழிஞ்சி அசிங்கமா இருந்துச்சிக்கா. சூடு பண்ணி கண்ணாடியக் கழட்டி, தொடச்சிட்டு, நம்ம கம்மு போட்டு ஒட்டிட்டேன். போனுக்குப் பண்றதுதான்."

அடப்பாவி! அந்த அசிங்கம்தான் காற்றை உள்ளே விடாமல் அடைத்திருந்தது. "கைய வச்சிக்கினு சும்மா இருக்கமாட்டியா?" என்று ஆள் நிற்பதையும் பார்க்காமல் கத்தினேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னும் எரியுதுக்கா, பாரேன்" என்று சுவிட்சைப் போட்டான்.

எரிந்தது. அங்கங்கே கரும்புள்ளி. அது மேலே பூசிய உலோகம் கெட்டதால் வந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. மிச்சமிருந்த வெளிச்சம் முழுக்கப் பச்சை.

ஆய்வகத்தில் வெறும் பாலிமர் படலத்தைக் காற்றில் வைத்துப் பார்த்திருந்தேன், நீலமாகவே நின்றது. மின்சாரம் ஓடும்போது காற்றுப் பட்டால் என்னவாகும் என்று பார்க்கவில்லை. எப்போதும் பசை போட்டு அடைத்த பிறகுதான் எரியவிட்டேன். இத்தனை நாளும் நீலத்தைக் காப்பாற்றியது பசை. நானோ என் கிளைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்கா கெடுத்துட்டேன்" என்றான் சுபைர், கண் கலங்கி.

"நீ கெடுக்கலடா."

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன். வெளியே வந்து என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியைக்குப் போன் போட்டேன். கட்டுரையை இப்போதுதான் கடைசியாக ஒருமுறை படித்தாராம், பிரமாதமாக வந்திருக்கிறதாம்.

"அனுப்பாதீங்க மேடம்" என்றேன். "நான் எழுதினது தப்பு."