பின்னச்சில் ஊற்றிய பால்

தோட்டத்துத் துரையின் காரில் அந்தச் சத்தம் திரும்பி வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னதும் அங்கம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பத்து நாளா அடங்கிக் கெடந்துச்சு. இன்னைக்கு பாலோ டவுனு ரோட்டு மேட்டுல ஏறும்போது மறுபடியும் டொக்கு டொக்குங்குது. இந்தத் தடவ ரப்பர் கருகுற வாடை வேற. டயரப் பாத்தேன், பிரேக்கப் பாத்தேன். எங்கயும் சூடு இல்ல," என்றான் தங்கராஜு.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. நாலு வருஷமாகத் துரைக்குக் கார் ஓட்டுகிறான். அவளுக்குப் பதினாறு. ரப்பர்ப் பால் ஸ்டோரில், உறைந்த பாலைத் தகடாக இழுக்கும் ரோலர் மிஷினில் வேலை. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலில் போய்விட்டார்கள். கூலிகளின் வரிசைவீடான லயத்தின் கடைசி அறையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

மலாயாவில் ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. ஆபீஸில் கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்களை நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவரவர் பாடு. அங்கம்மா இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அக்கரையில் அவளுக்குத் தெரிந்தது அப்பா சொன்ன ஓர் ஊர்ப் பெயர் மட்டும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அண்ணனுக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அம்பிகைபாகன் ஆபீஸ் வாசலில் வைத்தே தங்கராஜுவைப் பிடித்திருந்தார்.

"என்ன தங்கராசு, நீர் ஹோர்ன் அடிக்கவே தேவையில்லைப் போல. கார் வாற சத்தத்துக்கு லயத்து நாயெல்லாம் முன்னுக்கே எழும்பி நிக்குது."

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"சனிக்கிழமை துரை ஜொகூர் பாருக்குக் கூட்டத்துக்குப் போறார். வழியில கார் நிண்டா வித்துப்போடுவன் எண்டு சொல்லிப்போட்டார். கார் இல்லாட்டி டிரைவர் என்னத்துக்கு? உம்மட பேரை இப்பவே பென்சிலால எழுதி வச்சிருக்கிறன். கீழ தங்கச்சியின்ட பேரும் இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுத் தங்கராஜு பாயில் சுருண்டுகொண்டான். நாளை வெள்ளிக்கிழமை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பகல்.

லயத்தில் கடைசி விளக்கும் அணைந்தது. அங்கம்மா இருட்டில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, முழிச்சிருக்கியா?"

"தூங்குற மூஞ்சியா இது?"

"அந்த வாடை எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "நான்தான் ஊத்துனேன். பின்னச்சுக்குள்ள. பாலு."

அவன் புரண்டு படுத்தான். பிறகு எழுந்தான்.

ஸ்டோரில் ரோலர் மிஷின் ஓடினால் பல்சக்கரங்கள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. கங்காணி வெளியே போனதும் யாராவது ஒருத்தி ஒரு சிரட்டை பாலை மொண்டு பல்சக்கரத்தின் மேல் ஊற்றுவாள். பால் பல்லிடுக்கில் உறைந்து மெத்தை மாதிரி உட்காரும். சத்தம் அமுங்கும். பெண்கள் சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசலாம். இத்தனை வருஷத்தில் பால் ஊற்றியதால் எந்த மிஷினும் கெட்டதில்லை. பத்து நாளைக்கு முன்னால் அண்ணன் சாப்பிட வந்திருந்த நேரத்தில், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியில் அவன் எண்ணெய் விடும் மூடியைத் திருகி, அதையேதான் அவள் காருக்கும் செய்தாள்.

"எத்தன செரட்ட?"

"ரெண்டு."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். 

"ரெண்டு செரட்ட," என்றான். "அன்னைக்குத்தான் நான் எஞ்சின்லருந்து பின்னச்சுக்குப் போற நடுத்தண்டு ஜாயிண்ட்ட மாத்துனேன். சத்தம் நின்னுச்சு. நம்ம கைவேலைன்னு நெனச்சு தொர முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன் பாரு. தொர தட்டிக் குடுத்தாரு வேற."

"அண்ணே, என்னய அடிச்சிரு."

"அடிச்சா பாலு வெளிய வந்துருமா?" அவன் தலையைச் சொறிந்தான். "நாளைக்குக் காலையில வேற ஜாயிண்ட்டு மாத்திப் பாக்குறேன். படு."

"அது ஜாயிண்ட்டே இல்லன்னா?"

அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தடவினாள். இரண்டு குச்சி நமுத்துப்போய் வீணானது. மூன்றாவதில் அரிக்கன் விளக்கு எரிந்தது.

"எந்திரி. இப்பவே பாப்போம்."

கார் கொட்டகை பங்களாவுக்குக் கீழே இருந்தது. தங்கராஜு நேரங்கெட்ட நேரத்தில் கார் கழுவுகிறவன் என்பதால் காவலுக்கு இருந்த ஜாகா ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுத் தூங்கினார். வெளியே சமதரை. கியரை எடுத்துவிட்டு இரண்டு பேரும் தள்ளினார்கள். கார் பன்றிபோல் கனத்தது. நாலடி போனதும் பின்னால் டொக் என்றது.

"நில்லு," என்றாள் அங்கம்மா. "அந்த நடுத்தண்டு எவ்வளவு வேகமா சுத்தும்? சக்கரம் சுத்துற அளவா?"

"சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள அது அஞ்சு சுத்து சுத்திரும்."

"அப்ப ஜாயிண்ட்டா இருந்தா ஒரு சுத்துக்கு அஞ்சு தட்டு தட்டணும்ல?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஸ்டோருல மூணாம் நம்பர் மிஷினுல பெரிய சக்கரத்துக்கு ஒரு பல்லு ஒடஞ்சுச்சு. அந்தச் சக்கரம் ஒரு வாட்டி சுத்துனா ஒரு தட்டு. சின்னச் சக்கரத்துல ஒடஞ்சா தடதடன்னு தட்டும். கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவோம்."

அவள் தாவணி முனையைக் கிழித்துப் பின்சக்கரத்தின் கம்பியில் கட்டினாள். அவன் தள்ள, அவள் விளக்கோடு குனிந்து கூடவே நடந்தாள். துணி கீழே வந்தது. டொக். மேலே போய்ச் சுற்றிக் கீழே வந்தது. டொக். இடையில் ஒன்றுமில்லை. பத்துச் சுற்று எண்ணினாள், பத்துத் தட்டு. காரைத் திரும்பப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போதும் அதே கணக்கு.

"அலமாக்," என்று மலாயில் அலுத்துக்கொண்டான் தங்கராஜு மூச்சு வாங்க. "இத்தன நாளா தண்டையே கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்."

பின்னச்சுப் பெட்டியின் மூடியில் பன்னிரண்டு போல்ட். அவன் அடியில் மல்லாந்து கழற்ற, அவள் ஒவ்வொன்றாக வாங்கி மங்குக் கிண்ணத்தில் போட்டாள். மூடி கழன்றதும் எண்ணெய் ஒழுகவில்லை. கறுப்பாக, அட்டைபோல் கொழகொழத்த ரப்பர் கட்டிகள் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. கருகிய வாடை மூக்கில் ஏறியது.

"நீ சுட்ட தோசையப் பாரு," என்றான் அடியிலிருந்து.

விரலால் பிய்த்து, குச்சியால் நோண்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். அங்கம்மா பிசைந்து எடுத்த ஒரு கட்டிக்குள் ஏதோ கடினமாக உறுத்தியது. கிழித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினார்கள். ஒரே ஒரு பல்லின் மூலை இல்லை. துண்டை அங்கே வைத்தான். சரியாகப் பொருந்தியது.

பிறகு அந்த இரும்புத் துண்டை மடியில் செருகிக்கொண்டான்.

"ஒண்ணு செய்யலாம்," என்றான் தங்கராஜு. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பால உள்ள விட்டு மூடிட்டா சனிக்கெழம வரைக்கும் சத்தம் வராது. தொர போயிட்டு வந்துருவாரு. கிராணியும் பென்சில் எழுத்த அழிச்சிருவாரு."

அங்கம்மாவுக்கு அந்தப் பேச்சு தேன்போல இருந்தது. யாருக்கும் தெரியாது. அவள் செய்ததும் வெளியே வராது.

"மூணாம் நம்பர் மிஷினுல மொத ஒரு பல்லுதான் ஒடஞ்சுச்சு," என்றாள். "பொறவு பக்கத்துப் பல்லு. கையால சுத்துற மிஷினு, நிறுத்திக்கிட்டோம். இது காட்டு நடுவுல நிக்கும். அப்ப கப்பலு நிச்சயம். நாம தொரகிட்டயே போவோம்."

"பாலு ஊத்துனதச் சொல்லணுமே."

"சொல்லுவோம்."

விடிகாலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன்னால் பங்களா வாசலில் நின்றார்கள். பட்டியலோடு வந்திருந்த கிராணியும் அங்கே இருந்தார். தங்கராஜு உள்ளங்கையை விரித்து இரும்புத் துண்டைக் காட்டினான். துரை காபிக் கோப்பையை வைத்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

மூடியை மாட்டிக் காரை மறுபடி தள்ளினார்கள். துரை சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து நடந்து, துணி கீழே வரும்போதெல்லாம் தன் பாஷையில் எண்ணினார். ஏழில் நிறுத்தினார். பிறகு மங்கில் கிடந்த கறுப்புக் கட்டிகளை மோந்து பார்த்தார்.

"இது என்ன? யார் போட்டது?"

"நான்தாங்க," என்றான் தங்கராஜு.

"இல்லிங்க, நானு. அண்ணனுக்கு நேத்து ராத்திரிதான் தெரியும்," என்றாள் அங்கம்மா. ஸ்டோரில் நடப்பதையும் சேர்த்து முழுதாகச் சொல்லி முடித்தாள், எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லாமல்.

"ரெண்டு பேருக்கும் அந்தப் புகழ் வேணுமாம்," என்றார் கிராணி.

துரை சிரிக்கவில்லை. சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்துப் புதுப் பல்சக்கரம் வரவழைக்கச் சொன்னார். தங்கராஜுதான் பிரித்துப் பூட்ட வேண்டும். நாளைக்கு அவர் பாலோவிலிருந்து ரயிலில் போவார். "டிரைவர் இருக்கட்டும்," என்றார்.

"பெட்டை?" என்று அங்கம்மாவைக் காட்டிக் கேட்டார் கிராணி.

"இனி ஸ்டோர்ல வேணாம். புல்லு வெட்டப் போகட்டும்."

புல்வெட்டு என்றால் வெயில், அட்டை, குறைந்த கூலி. அங்கம்மா தலையாட்டினாள். துரை உள்ளே போனதும் கிராணி பட்டியலை மடித்தார்.

"ஐயா," என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. எங்க முன்னாடியே அழிச்சிருங்க."

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இருக்குங்க. ஆனாலும் அழிச்சிருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திண்டில் காகிதத்தை விரித்து அழித்தார். அழித்த தூளை ஊதினார்.

"ரெண்டுமாங்க?"

"ரெண்டும்தான், பிள்ளை. போம்."

பெரட்டு மணி அடித்தது. அவள் ஓடிப்போய்ப் புல்வெட்டு வரிசையின் கடைசியில் நின்றாள். கங்காணி அவளுடைய கறுத்த விரல்களையும் மண்ணெண்ணெய் வாடையையும் பார்த்து முகம் சுளித்தார்.

"மிஷின் புடிச்ச கையில்ல இது. மம்பட்டி புடிக்குமா?"

"குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள்.